பொம்மை வீட்டுக்கு எந்த பிரைமர் நல்லது? ஜன்னல் விளிம்பு சொரசொரவென்று வந்துவிட்டது

மாடிப்படி:

எல்லோருக்கும் வணக்கம். மகளின் ஏழாவது பிறந்தநாளுக்காக மர பொம்மை வீட்டு கிட் ஒன்று வாங்கி, அவள் தூங்கிய பிறகு தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன். 1:12 அளவு, அதாவது நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டு மாடி. சுவர்கள் 3 மி.மீ. பிளைவுட், லேசரில் வெட்டியது, விளிம்பெல்லாம் கருகிப் போய் இருக்கிறது. அடித்தளப் பலகை எம்.டி.எஃப். கூரையும் முன்வாசல் தூண்களும் பைன் மரம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, கூரைப் பலகை ஒன்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கணு இருக்கிறது.

நேற்று பொறுமை இல்லாமல், பிரைமர் (பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு) எதுவும் அடிக்காமல், ஒரு ஜன்னல் சட்டத்தில் நேராக வெள்ளை அக்ரிலிக் பெயிண்டை அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் தொட்டால் பூனை நாக்கு மாதிரி இருக்கிறது. கருகிய விளிம்பிலிருந்து பழுப்பு நிறம் வேறு வெள்ளைக்குள் ஏறிவிட்டது, இரண்டாவது கோட் அடித்தும் போகவில்லை. மற்ற பாகங்களையும் இப்படிக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

கடையில் கேட்டால் வாட்டர் பேஸ், ஆயில் பேஸ், ஷெல்லாக், ஸ்ப்ரே என்று அடுக்குகிறார்கள். ஓவியம் வரைகிற தோழி ஒருத்தி ஜெஸ்ஸோ போதும் என்கிறாள். வீட்டுச் சுவருக்கு அடித்து மீந்த பிரைமர் அரை டப்பா இருக்கிறது, அது ஆகுமா? பாகங்களை ஒட்டுவதற்கு முன்பே பிரைமர் அடிக்க வேண்டுமா, ஒட்டி முடித்த பிறகா? வெளிப்புறம் இளம் மஞ்சள், ஜன்னல்கள் வெள்ளை, உள்ளே சில அறைகளுக்கு காகிதம் ஒட்டப் போகிறேன். மகள் இதைக் கையில் எடுத்து விளையாடுவாள், அலமாரியில் வைத்துப் பார்க்கிற பொருள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தூரிகை:

முதலில் அந்த ஜன்னலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது சரியாகிவிடும். நீங்கள் தொட்டுப் பார்த்த சொரசொரப்பு பெயிண்டின் குற்றம் இல்லை. மரத்தின் மேல்பரப்பில் வெட்டுப்பட்டுப் படுத்துக் கிடக்கும் நார்கள் தண்ணீர் பட்டதும் ஊறி எழுந்து நிற்கும். அப்படியே பெயிண்ட் அவற்றைப் பிடித்துக் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். வாட்டர் பேஸ் பிரைமர் அடித்தாலும் முதல் கோட்டில் இதேதான் நடக்கும். வித்தியாசம் என்னவென்றால், பிரைமர் அந்த நார்களை விறைப்பாக்கி நிறுத்தும், 320 நம்பர் நைசான உப்புத்தாளால் லேசாக நான்கு இழுப்பு இழுத்தால் எல்லாம் ஒடிந்து பொடியாகப் போய்விடும், அதற்கு மேல் அடிக்கிற கோட் வழவழவென்று உட்காரும். கலர் பெயிண்ட் ரப்பர் மாதிரி இழுக்கும், தேய்த்தால் சுருண்டு வரும். பிரைமரில் சுண்ணப் பொடி வகைகள் அதிகம், அதனால் சுலபமாகத் தேய்க்க வரும்.

நான் செய்கிற ஒரு சின்ன வேலை சொல்கிறேன். பிரைமர் அடிப்பதற்கு முந்தின நாள், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மரத்தை ஒரு தடவை துடைத்துக் காயவிடுவேன். நார் எழுந்துகொள்ளும். காய்ந்ததும் 220, பிறகு 320. அதன் பிறகு வாட்டர் பேஸ் பிரைமர் அடித்தால் பாதிச் சொரசொரப்புகூட வராது. எம்.டி.எஃப்.புக்கு மட்டும் இந்த ஈரத்துணி வேலை வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும்.

மீந்து போன சுவர் பிரைமரை மறந்துவிடுங்கள். அது சிமெண்ட், பட்டி பூசிய பரப்புக்காகச் செய்தது, அங்கே அதன் வேலை உறிஞ்சலைச் சமன் செய்வது. மரத்திலிருந்து ஏறிவரும் கறையை அது நிறுத்தாது. அதேபோல இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடையும் சிலர் மரத்தில் அடிக்கிறார்கள், இளம் மஞ்சளுக்குக் கீழே அந்தச் சிவப்பை மறைக்கவே நான்கு கோட் போய்விடும். டப்பாவில் மரத்துக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

உங்களிடம் ஒரே வீட்டில் மூன்று விதமான மரம் இருக்கிறது, அதுதான் இங்கே விஷயமே. எந்த பிரைமர் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பத்துப் பேர் பத்து பதில் சொல்வார்கள், பத்தும் அவரவர் மரத்துக்குச் சரியாகத்தான் இருக்கும்.

உளிச்சத்தம்:

தூரிகை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், கறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது வருஷமாக மரவேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கூரைப் பலகையில் இருக்கும் கணுவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் அம்மா. பைன் மரத்தில் கணு இருக்கிற இடத்தில் பிசின் இருக்கும். வாட்டர் பேஸ் பிரைமர் மூன்று கோட் அடியுங்கள், வெள்ளை வெளேரென்று இருக்கும், மனசுக்கு நிறைவாக இருக்கும். சில வாரம் கழித்து அதே இடத்தில் டீ சிந்தின மாதிரி ஒரு வளையம் தெரியும். வெயில் படுகிற இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம். மேலே எத்தனை கோட் கலர் அடித்தாலும் மறுபடி ஏறும்.

அதற்கு ஷெல்லாக் பிரைமர்தான் மருந்து. ஷெல்லாக் என்பது நம் அரக்குதான், அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கிற பொருள், அதை ஆல்கஹாலில் கரைத்து வெள்ளை நிறமி சேர்த்துக் கொடுக்கிறார்கள். தண்ணீர் இல்லாததால் நார் எழாது, எம்.டி.எஃப். உப்பாது. 20 நிமிடத்தில் தொடலாம், முக்கால் மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம். கணு, கருகின விளிம்பு, பழைய வீட்டின் புகை நாற்றம் எல்லாவற்றையும் அடைத்துப் பூட்டிவிடும். லேசர் விளிம்பை அதற்கு முன்னால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், மரம் முழுக்க வெளுக்கும்வரை தேய்க்க வேண்டாம், விரலில் கரி ஒட்டாத அளவுக்கு வந்தால் போதும்.

அதில் கஷ்டமும் இருக்கிறது. நெடி கடுமையாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் அடிக்க வேண்டும், அடுப்போ விளக்கோ எரிகிற அறையில் கூடவே கூடாது, ஆவி தீப்பிடிக்கும். குழந்தை தூங்குகிற வீட்டில் ராத்திரி உட்கார்ந்து அடிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், இதை மட்டும் பகலில் வெளியே வைத்து அடியுங்கள். பிரஷ் தண்ணீரில் கழுவினால் போகாது, ஸ்பிரிட் வேண்டும். விலை குறைந்த பிரஷ் ஒன்று வாங்கி, வேலை முடிந்ததும் போட்டுவிடுவது நிம்மதி. வேகமாகக் காய்வதால் அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப பிரஷ்ஷைப் போடக் கூடாது, இழுத்து வரி விழும். ஒரு இழுப்பு, அடுத்த இடம், அப்படிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஆயில் பேஸ் பற்றிக் கேட்டீர்கள். கெட்டியாகப் பிடிக்கும், நார் எழாது, கறையையும் ஓரளவு நிறுத்தும், கணுவில் ஷெல்லாக் அளவுக்கு நம்ப முடியாது. ஒரு கோட் காய ஒரு நாள் ஆகும், வாசனை பல நாள் நிற்கும். இவ்வளவு சின்ன வேலைக்கு எனக்கு அது தேவையாகத் தெரியவில்லை.

கைவேலைப்பெண்:

ஜெஸ்ஸோவைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாம் 1:12 அளவில் செய்கிறேன், ஐந்தாறு வருஷமாக ஜெஸ்ஸோதான். சுண்ணப் பொடியும் அக்ரிலிக் பசையும் கலந்தது, காய்ந்தால் சிலேட் மாதிரி ஒரு பிடிமானம் கிடைக்கும், கைவினை அக்ரிலிக் பெயிண்ட் அதன் மேல் அற்புதமாக உட்காரும். நாற்றம் இல்லை, பிரஷ்ஷைக் குழாயில் காட்டினால் போதும். தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து மெல்லிசாக இரண்டு கோட் அடிக்க வேண்டும், டப்பாவில் இருக்கிற பதத்திலேயே அடித்தால் செதுக்கல் வேலையெல்லாம் மூடிப் போய்விடும்.

உளிச்சத்தம் ஐயா சொல்வது போலக் கணுவிலும் கருகின விளிம்பிலும் அது தோற்கும், நான் பயன்படுத்துவது கணு இல்லாத வெளிர் மரம் என்பதால் எனக்குப் பிரச்சினை வந்ததில்லை.

ஒன்று மட்டும் அடித்துச் சொல்வேன். 1:12 அளவில் வேலை செய்யும்போது பெயிண்டின் தடிமன் என்பதே வேறு விஷயம். மூன்று நான்கு கோட் சேர்ந்து 0.1 மி.மீ. தடிமன் வந்தால், அந்த அளவுக்கணக்கில் அது நிஜ வீட்டுச் சுவரில் 1.2 மி.மீ. பூசினதற்குச் சமம். நிஜ சுவரில் கண்ணுக்கே தெரியாத பிரஷ் வரி இங்கே உழுத வயல் மாதிரி தெரியும். அதனால் ஜன்னல் சட்டம், கைப்பிடி, கூரை ஓரத்து அலங்காரம் மாதிரி மெல்லிய பாகங்களுக்கு ஸ்ப்ரே பிரைமர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி அதன் மேல் பாகங்களை வரிசையாக நிறுத்தி, 25 செ.மீ. தள்ளி நின்று, பாகத்துக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியும்படி வீச வேண்டும். முதல் கோட்டில் மரம் தெரிந்துகொண்டேதான் இருக்க வேண்டும், மூட வேண்டும் என்று நின்று அடித்தால் வழிந்து மூலையில் முத்து மாதிரி கட்டிக்கொள்ளும். மழை நாளில் அடிக்காதீர்கள், காற்றில் ஈரம் அதிகமானால் பரப்பு வெளிறிப் போகும்.

மரத்தூள்:

ஒட்டுவதற்கு முன்பா பின்பா என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை, என் முதல் வீடு கெட்டது அதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் எல்லாப் பாகத்தையும் தரையில் பரப்பி, இரு பக்கமும் அழகாக பிரைமர் அடித்து, கலரும் அடித்து, பிறகு ஒட்ட உட்கார்ந்தேன். முதல் சிக்கல், சுவரில் இருக்கும் நாக்கு தரைப் பலகையின் பொந்துக்குள் போகவே இல்லை. கணக்குப் போட்டால் புரியும், நாக்கின் இரண்டு பக்கமும் ஆளுக்கு 0.1, பொந்தின் இரண்டு பக்கமும் ஆளுக்கு 0.1, மொத்தம் 0.4 மி.மீ. லேசர் வெட்டுக்கு அவ்வளவு இடம் கிடையாது. கத்தியால் சுரண்டி உள்ளே தள்ளினேன். இரண்டாவது சிக்கல் அதைவிடப் பெரிது. மரப் பசை மர நாருக்குள் ஊறித்தான் பிடிக்கிறது, பெயிண்ட் மேல் பூசினால் அது பெயிண்டை மட்டும்தான் பிடிக்கும். இரண்டு மாதத்தில் மாடிச் சுவர் தானாகக் கழன்று வந்தது, பசையின் பின்பக்கம் என் பிரைமர் தோல் மாதிரி உரிந்து ஒட்டியிருந்தது.

இப்போது நான் செய்வது இப்படி. பசை இல்லாமல் வீட்டை ஒரு தடவை முழுக்கக் கூட்டிப் பார்த்து மாஸ்கிங் டேப்பால் நிறுத்துவேன். எங்கே எது முட்டுகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு. பிரித்துப் போட்டு, அந்தக் கோட்டுக்குள் வருகிற இடத்தில் எல்லாம் டேப் ஒட்டிவிடுவேன், நாக்கு, பொந்து உட்பட. பிறகு பிரைமர். பிரைமர் காய்ந்து தேய்த்ததும் டேப்பை உரித்து ஒட்டி, வீடு நின்ற பிறகு கலர். கையோ பிரஷ்ஷோ பிறகு நுழைய முடியாத மாடிப்படிக்குப் பின்புறம், கூரையின் உள்மூலை, இவற்றுக்கு மட்டும் கலரையும் முன்பே அடித்துவிடுவேன்.

காகிதம் ஒட்டப் போகிற சுவருக்கும் பிரைமர் அவசியம். எதுவும் பூசாத வெறும் மரத்தின் மேல் நேராக ஒட்டினால் மரத்தில் இருக்கும் அமிலமும் கறையும் காகிதத்தில் ஏறிப் பழுப்பாக்கும். மின்விளக்கு போடுவதாக இருந்து, கம்பிக்குப் பதிலாகச் செம்பு டேப் ஒட்டினாலும் பிரைமர் அடித்துத் தேய்த்த சுவரில் நன்றாக ஒட்டும். ஆனால் தரைக்கோ கதவுக்கோ மர வரியே தெரிகிறபடி ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறுகிற சாயம்) போடப் போகிறீர்கள் என்றால் அங்கே பிரைமர் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, பசையும் படக் கூடாது, பட்ட இடம் ஸ்டெயினைக் குடிக்காமல் வெளுத்து நிற்கும்.

மாடிப்படி:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். மரத்தூள் சொன்னதைப் படித்துவிட்டு உடனே போய்ப் பொந்துகளுக்கெல்லாம் டேப் ஒட்டினேன்.

இன்னொரு தவறும் செய்துவிட்டேன். பதில் வருவதற்குள் ஒரு பக்கச் சுவருக்கு வெளிப்புறம் மட்டும் வாட்டர் பேஸ் மர பிரைமர் அடித்துச் சாய்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் பலகை வில் மாதிரி வளைந்திருக்கிறது, தரையில் வைத்தால் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா, புதிதாக ஒரு பலகை வெட்ட வேண்டுமா? அப்புறம் எம்.டி.எஃப். விளிம்பு கண்ணுக்கே சொரசொரப்பாகத் தெரிகிறது, அதற்கு என்ன செய்வது? குழந்தை கையாள்வதற்கு ஷெல்லாக் பாதுகாப்பானதா?

தூரிகை:

பலகை வெட்ட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தது, அந்தப் பக்கம் விரிந்தது, மறுபக்கம் விரியவில்லை. 3 மி.மீ. பிளைவுட் மெல்லிசு, எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை. இன்றைக்கே மறுபக்கத்திலும் அதே பிரைமர், அதே அளவு ஒரு கோட் அடியுங்கள். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் இரண்டு பக்கமும் பேக்கிங் காகிதம் வைத்து, சமமான இரண்டு பலகைக்கு நடுவில் போட்டு, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அநேகமாக நேராகிவிடும், கொஞ்சம் மிச்சம் இருந்தால் மாடித் தரையோடு சேர்த்து ஒட்டும்போது நிமிர்ந்துவிடும். இனி எந்தச் சுவருக்கும் ஒரு பக்கம் மட்டும் அடித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

எம்.டி.எஃப். என்பது நுண்ணிய மர நார்களைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. மேல் பரப்பு இறுகலாக இருக்கும், வெட்டின விளிம்பு பஞ்சு மாதிரி, எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். விளிம்பை 320 வரை தேய்த்து, மரப் பட்டியை விரலால் மெல்லிசாகத் தேய்த்து அடைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, ஷெல்லாக் பிரைமர் இரண்டு கோட். தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதே இல்லை, குழந்தை இருக்கிற அறையில் தேய்க்கவும் வேண்டாம். சுவருக்குப் பூசுகிற பட்டியை இங்கே பயன்படுத்தாதீர்கள், முனை எங்காவது இடித்தால் செதில் செதிலாக உதிரும்.

உளிச்சத்தம்:

பாதுகாப்பு பற்றிக் கேட்டதற்கு. ஷெல்லாக் என்ற பொருள் காய்ந்த பிறகு தீங்கில்லாதது, மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளப்புக்காக மேலே பூசுகிறார்கள், உணவுச் சேர்ப்பு எண் இ904 என்று உறையில் போட்டிருப்பார்கள். ஆனால் பிரைமர் டப்பாவில் ஷெல்லாக்கோடு நிறமி, வேறு சேர்மானங்களும் உண்டு, அதனால் பிரைமரையே தின்னலாம் என்று அர்த்தம் இல்லை. குழந்தை கை படப்போவது மேல் கோட்டில், ஆகவே அதைப் பார்த்து வாங்குங்கள். டப்பாவில் இ.என். 71-3 என்று இருந்தால், பொம்மையில் இருந்து ஈயம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கசியலாம் என்கிற ஐரோப்பிய விதிக்கு உட்பட்டது என்று பொருள். அட்டிக்கில் கிடந்த பழைய பெயிண்ட் டப்பாவை எல்லாம் எடுத்து அடிக்க வேண்டாம், பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. தொட்டால் காய்ந்துவிட்டது என்பதும் முழுக்க இறுகிவிட்டது என்பதும் வேறு. அக்ரிலிக் பெயிண்ட் இறுக மூன்று நான்கு வாரம் எடுக்கும். அதற்குள் கதவை மூடி வைத்தால் கதவும் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயிண்ட் பிய்ந்து வரும். பிறந்தநாளில் இருந்து பின்னோக்கி நாள் எண்ணிக்கொண்டு வேலையை முடியுங்கள்.

பொம்மை வீட்டில் அடிப்பதற்கு முன்பு கிட்டில் மீந்த சட்டத் துண்டுகளில் எல்லாவற்றையும் அடித்துப் பாருங்கள். யார் சொன்னதையும்விட, என்னையும் சேர்த்துத்தான், அந்தத் துண்டு சொல்வதை நம்புங்கள்.

மாடிப்படி:

பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன். வளைந்த சுவர் நேராகிவிட்டது, இப்போது எந்தச் சுவர் வளைந்தது என்று எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

உளிச்சத்தம் அண்ணா சொன்னபடி மீந்த துண்டுகளில் செய்து பார்த்தேன். பைன் துண்டு ஒன்றில் நல்லவேளையாக ஒரு சின்னக் கணு கிடைத்தது, அதன் நடுவில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு பாதிக்கு வாட்டர் பேஸ், மறு பாதிக்கு ஷெல்லாக், தலா இரண்டு கோட், மேலே இளம் மஞ்சள். ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தேன். ஆறாம் நாள் வாட்டர் பேஸ் பக்கம் பாதி நிலா மாதிரி ஒரு பழுப்பு வளைவு எழுந்து, சரியாகப் பென்சில் கோட்டில் வந்து நின்றுவிட்டது. மறுபக்கம் சுத்தமாக இருக்கிறது. அந்தத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். கருகின விளிம்பிலும் இதே கதைதான். கணு இல்லாத பிளைவுட் பரப்பில் இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் கூரை, தூண்கள், அடித்தளம், லேசர் விளிம்புகள் எல்லாவற்றுக்கும் ஷெல்லாக், ஞாயிறு பகலில் மொட்டைமாடியில் வைத்து. சுவர்ப் பரப்புக்கு வாட்டர் பேஸ் மர பிரைமர், இரு பக்கமும். ஜன்னல் சட்டங்கள் அட்டையில் நிற்கின்றன, ஸ்ப்ரே அடித்து மெல்லிசாக இரண்டு கோட் ஆகிவிட்டது, முதலில் கெடுத்த ஜன்னலையும் தேய்த்து அவற்றோடு நிறுத்தியிருக்கிறேன், எது என்று அடையாளம் தெரியவில்லை. ஒரே ஒரு சந்தேகம், மேலும் கீழும் நகர்கிற ஜன்னல் இரண்டு இருக்கிறது, அது ஓடுகிற பள்ளத்துக்குள்ளும் பிரைமர் வேண்டுமா?

மரத்தூள்:

வேண்டாம். பள்ளத்துக்குள்ளும் ஜன்னலின் இரண்டு ஓரத்திலும் எதுவும் பூசாமல் வெறும் மரமாகவே விட்டுவிட்டு, மெழுகுவர்த்தித் துண்டால் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். மெழுகைக் கடைசியாகத் தேய்க்க வேண்டும், முன்பே தேய்த்து அது வெளியே பட்டுவிட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.